நண்பருடன் தண்ணீர் ராக்கெட் விடுதல்: கடலூர், புதுச்சேரி வாசிகளுக்கான முழு வழிகாட்டி

மாதிரி ராக்கெட் விடும் பொழுதுபோக்கில் இறங்க நினைக்கும் இருவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது உந்துவிசையைப் பற்றித்தான். அமெரிக்காவில் 1950களில் வளர்ந்த இப்பொழுதுபோக்கு, அட்டைக் குழலுக்குள் கருமருந்தை இறுக்கி அடைத்த, ஒரே ஒருமுறை எரியும் சிறு மோட்டார்களை நம்பியது. அவற்றின் மேல் சி6-5 என்பதுபோல் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். முதல் எழுத்து மொத்தக் கணத்தாக்கின் (விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கி வரும் அளவு) வகுப்பையும், நடு எண் சராசரி உந்துவிசையை நியூட்டனிலும், கடைசி எண் எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளித்தள்ளும் வரை கழியும் நொடிகளையும் குறிக்கும். இவை வெடிபொருள் வகையைச் சேர்ந்தவை. எனவே சாதாரணத் தபாலிலோ விமானப் பயணப் பெட்டியிலோ கொண்டுவர இயலாது. உரிமமின்றி வீட்டில் தயாரிப்பது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். பட்டாசைப் பிரித்து மருந்தை எடுத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொல்லும் நண்பரை அப்போதே தடுத்துவிடுங்கள். பட்டாசுக் கூடங்களில் நேரும் விபத்துகளைக் கடலூர் மாவட்டத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இவ்வழிகாட்டி தண்ணீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் கொண்டு பறக்கும் ராக்கெட்டைப் பற்றியது. இதைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குவோர் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2 லிட்டர் பாட்டிலில் 600 மில்லி தண்ணீர் ஊற்றி, 60 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அலகு) வரை காற்று ஏற்றினால், தண்ணீர் தொடக்கத்தில் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் வேகத்தில் வாய் வழியே பீறிடும். அந்த நொடியில் பாட்டில் மேல்நோக்கித் தள்ளப்படும் விசை 300 நியூட்டனை ஒட்டியது; அதாவது 30 கிலோ எடையைத் தூக்கும் விசை. தண்ணீர் முழுவதும் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் தீர்ந்துவிடும். மொத்தக் கணத்தாக்கு 15 நியூட்டன்-நொடி அளவில் வரும். கருமருந்து மோட்டார்களின் சி வகுப்பின் உச்சவரம்பே 10தான். எனவே தண்ணீர்தானே என்ற அலட்சியம் இதில் கூடாது.

இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது என்பதற்கும் அதுவே காரணம். காற்றடிப்பவரின் கண் பிரஷர் மீட்டரிலும் கை கயிற்றிலும் இருக்கும். வானத்தையும், மைதானத்துக்குள் நுழையும் ஆளையும் ஆட்டையும் அவரால் பார்க்க முடியாது. பார்ப்பதற்கென்றே இன்னொருவர் இருக்க வேண்டும். ஏவலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அவரிடமே இருக்க வேண்டும். பின்வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தப் பங்கீட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

பாட்டிலைத் தேர்ந்தெடுத்தல்

காற்றேற்றிய குளிர்பானம் வந்த பெட் (PET) வகை பிளாஸ்டிக் பாட்டில் மட்டுமே உதவும். அதன் அடிப்பகுதி ஐந்து கால்களாகப் பிரிந்து, பூவிதழ் போல் இருக்கும். உள்ளிருக்கும் வாயு அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே அவ்வாறு வார்க்கப்படுகிறது. குடிநீர் பாட்டிலும் பழச்சாறு பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும், அவற்றின் சுவர் மெல்லியது. அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 2 லிட்டர் அல்லது 2.25 லிட்டர் அளவில், ஒரே வகையான பாட்டில்கள் நான்கைந்து சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒன்று அழுத்தம் ஏற்ற, மற்றவை வெட்டி உடல், மூக்கு, இறக்கைப் பட்டை செய்ய.

அழுத்தம் ஏற்றும் பாட்டிலை நகம் பட்ட கீறல் கூட இல்லாததாகப் பொறுக்க வேண்டும். அதன்மேல் சூடான பசைக் குச்சியையோ ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசையையோ படவிடாதீர்கள். முன்னது பிளாஸ்டிக்கை இளக்கும், பின்னது நொறுங்கத்தக்கதாக்கும். வெந்நீரில் கழுவுவதும், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைப்பதும் ஆகாது. 70 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே பெட் தளர்ந்து வடிவம் இழக்கும்.

உடலும் இறக்கையும்

பறக்கும்போது பாட்டிலின் வாய் கீழேயும் அடிப்பகுதி மேலேயும் இருக்கும். இன்னொரு பாட்டிலின் நேரான நடுப்பகுதியை வளையமாக வெட்டி, அதை அழுத்தப் பாட்டிலின் மேல்முனையில் சொருகி, பேக்கிங் டேப்பால் ஒட்டினால் ராக்கெட் நீளும். இந்த நீட்டிப்புக்குள் காற்றழுத்தம் இல்லை. பாராசூட் இருக்கும் அறை இதுதான். மூன்றாவது பாட்டிலின் தோள்பகுதியை வெட்டி, கழுத்தை நீக்கி, அவ்விடத்தில் பாதி ரப்பர் பந்தை மூடினால் மழுங்கிய, மென்மையான மூக்கு கிடைக்கும். கூரான மூக்கைச் செய்ய ஆசை வரும். திரும்பி விழும்போது யார் தலையில் விழும் என்பதை நினைத்து அந்த ஆசையை விட்டுவிடுங்கள். இந்த வேகத்தில் மழுங்கிய மூக்கினால் உயரத்தில் பெரிய இழப்பும் இல்லை.

இறக்கைக்கு ஃப்ளெக்ஸ் போர்டு கடைகளில் கிடைக்கும் சன்போர்டு என்ற கெட்டியான நுரை அட்டைத் துண்டு போதும். மூன்று அல்லது நான்கு இறக்கைகள். ஒவ்வொன்றும் உடலை ஒட்டிய பக்கம் 12 செ.மீ., வெளியே நீட்டும் பக்கம் 10 செ.மீ. என்று தொடங்கலாம். இவற்றை நேராக அழுத்தப் பாட்டிலில் ஒட்டாமல், வேறொரு பாட்டிலிலிருந்து வெட்டிய பட்டையில் இரட்டைப் பக்க நுரை டேப்பால் ஒட்டி, அந்தப் பட்டையைப் பாட்டிலின் மேல் இறுக்கமாகச் சுற்றி டேப் போடுவதே சிறந்த முறை. பாட்டில் பழுதானால் அதை மட்டும் தூக்கியெறிந்துவிட்டு, இறக்கைத் தொகுதியை அடுத்ததற்கு மாற்றலாம். இறக்கைகள் வாயை நோக்கி எவ்வளவு கீழே இறங்குகின்றனவோ அவ்வளவு நல்லது. ஏவுதளத்தின் பூட்டில் இடிக்காமல் இருந்தால் போதும்.

இனி, ராக்கெட் நேராகப் பறக்குமா என்பதைத் தரையிலேயே உறுதி செய்ய வேண்டும். தண்ணீர் ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடுவதால், காலி ராக்கெட்டையே சோதிக்கிறோம். பாராசூட் உட்பட எல்லாவற்றையும் பொருத்தியபின், அதை ஒரு விரலின் மேல் குறுக்காக வைத்து, சமநிலையில் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். அது ஈர்ப்பு மையம். அடுத்து ராக்கெட்டின் பக்கவாட்டு நிழலுருவை இறக்கையோடு சேர்த்து அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டை சமநிலையில் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். தோராயமான அழுத்த மையம், அதாவது பக்கவாட்டுக் காற்றின் விசை குவியும் இடம், அதுவே. ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னால், மூக்கை நோக்கி, ஒரு பாட்டில் விட்டமாவது, அதாவது 11 செ.மீ. அளவு, தள்ளியிருக்க வேண்டும். இல்லையேல் மூக்குக்குள் களிமண்ணைச் சிறிது சிறிதாக அப்பிச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் 60 முதல் 80 கிராம் பிடிக்கும். தேவைக்கு மேல் அப்பினாலும் சிக்கல்தான்: ராக்கெட் காற்று வரும் திசையை நோக்கித் தலை சாய்த்துப் பறக்கும்.

கடைசியாக, ஈர்ப்பு மையத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, இரண்டு மீட்டர் நீளம் விட்டு, திறந்த வெளியில் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் வரும்படி சுழன்றால் பறக்கத் தகுதியானது. வாலோ வயிறோ முன்னால் வந்தால் மீண்டும் மேசைக்குத் திரும்ப வேண்டியதுதான். அட்டைக் கணக்கை விட இந்தச் சுழற்றுச் சோதனையையே நான் நம்புகிறேன்.

பாராசூட்

60 செ.மீ. விட்டமுள்ள வட்டமாகவோ எண்கோணமாகவோ மெல்லிய குப்பைப் பையை வெட்டி, எட்டு முனைகளிலும் டேப்பால் வலுவூட்டி, ஒவ்வொன்றிலும் 60 செ.மீ. நூல் கட்டினால், 200 கிராம் ராக்கெட் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் இறங்கும். நூல்கள் எட்டையும் சேர்த்து நீட்டிப்புப் பகுதியில் கட்டுங்கள். மூக்கையும் தனி நூலால் அதனோடு இணைத்துவிடுங்கள்.

மூக்கு மேலே தளர்வாக உட்கார்ந்திருக்கும். ஏறும்போது எதிர்க்காற்று அதை அழுத்திப் பிடித்திருக்கும். உச்சியில் வேகம் குறைந்து ராக்கெட் சாயும்போது அது கழன்று பாராசூட்டை இழுக்கும். எளிய ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. பிளாஸ்டிக் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே தோல்விக்கு முதற்காரணம். நம் கடற்கரை ஈரப்பதத்தில் அது இன்னும் மோசம். தாளைத் தரையில் விரித்து, ஒரு சிட்டிகை முகப்பவுடரை இருபுறமும் தடவி, குடையைப் போல் நீளவாக்கில் மடித்து, பின்பு மேலிருந்து கீழாக முன்னும் பின்னுமாக மடியுங்கள். நூலை அதன்மேல் இறுக்கிச் சுற்றாமல், தளர்வாக இரண்டு சுற்றோடு நிறுத்தி, அறைக்குள் வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். தானாக வழுக்கி வெளியே விழ வேண்டும். உலுக்கினால்தான் விழுகிறது என்றால் அறை இறுக்கமாக இருக்கிறது. அதன்பின் மொட்டை மாடியிலிருந்து ஒருவர் எறிய, கீழே மற்றவர் நின்று அது விரிகிறதா என்று பார்க்கலாம்.

ஏவுதளம்

ரப்பர் அடைப்பானில் வால்வைச் சொருகி, அழுத்தம் தாளாமல் பாட்டில் தானாகக் கழன்று போகும்வரை காற்றடிக்கும் முறை பலருக்கும் பழக்கமானது. அது எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் பரிந்துரைக்கவில்லை. கேபிள் டைகளால் (மின்வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள்) பாட்டிலின் கழுத்தைப் பூட்டி, கயிற்றை இழுத்து விடுவிக்கும் ஏவுதளமே நம் வேலைக்கு உகந்தது.

குளிர்பான பாட்டில் வாயின் உள்விட்டம் ஏறத்தாழ 21.7 மி.மீ. வெளிவிட்டம் 21.3 மி.மீ. உள்ள அரை அங்குல யுபிவிசி தண்ணீர்க் குழாய் அதற்குள் சரியாக நுழையும். ஆனால் அரை அங்குலம் என்ற பெயரில் வேறு வெளிவிட்டம் கொண்ட குழாய்களும் விற்கின்றன. ஆகவே திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு கடையானாலும் புதுச்சேரி கடையானாலும், பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள்.

குழாயில் பாட்டிலுக்குள் 15 செ.மீ. நீளம் நுழையும்படி விட்டு, வாய்ப்பகுதி வந்து அமரும் இடத்தில் அரத்தால் ஆழமில்லாத பள்ளம் சுற்றி, அதில் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பொருத்த வேண்டும். ஓ-ரிங் பள்ளத்துக்கு வெளியே சற்றே துருத்தி நிற்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி பாட்டிலை அழுத்தினால் சிறு எதிர்ப்போடு உள்ளே செல்வது சரியான அளவு. பாட்டில் கழுத்தில் மூடிக்கு அடுத்து ஒரு பிளாஸ்டிக் வளையம் துருத்தி நிற்கும். குழாயைச் சுற்றி எட்டு முதல் பன்னிரண்டு கேபிள் டைகளை, அவற்றின் தலைகள் அந்த வளையத்தின் மேல் கொக்கி போல் அமரும்படி நிமிர்த்தி வரிசையாக வைத்து, கீழ்ப்பகுதியை ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். இத்தலைகளை வெளிப்பக்கமிருந்து அணைத்துப் பிடிக்கும் ஒரு பெரிய குழாய்த் துண்டே பூட்டு. ஒன்றரை அங்குலக் குழாயில் தேடினால் பொருந்துவது கிடைக்கும். பூட்டின் இரு பக்கமும் துளையிட்டுக் கயிறு கட்டி, அடித்தளத்திலுள்ள வளையம் வழியாக வெளியே கொண்டுபோனால், இழுக்கும்போது பூட்டு கீழிறங்கும், கேபிள் டைகள் விரியும், பாட்டில் விடுபடும்.

குழாயின் கீழ்முனையை ஒரு கனமான பலகையில் உறுதியாகப் பொருத்தி, நிப்பிள் என்ற இணைப்புத் துண்டு வழியாக 8 மீட்டர் ஏர் ஹோஸை இணையுங்கள். ஹோஸின் மறுமுனையில் பழைய பைக் டியூபிலிருந்து வெட்டிய உலோக வால்வைச் சொருகிக் கிளிப் போட்டால், மீட்டர் உள்ள எந்தக் காற்றடிக்கும் பம்பும் பொருந்தும். ஏவாமல் காற்றை இறக்க நேர்ந்தால், இதே வால்வின் நடு ஊசியைச் சாவி முனையால் அழுத்தினால் போதும். ராக்கெட்டின் அருகே செல்ல வேண்டிய அவசியமே வராது. குழாய் பாட்டிலுக்குள் 15 செ.மீ. உயர்ந்து நிற்பதன் பயன் இங்கேதான் தெரியும்: 600 மில்லி தண்ணீரின் மட்டம் குழாயின் வாய்க்குக் கீழேயே நிற்பதால், தண்ணீர் ஹோஸுக்குள் இறங்காது. கிளம்பும்போது முதல் 15 செ.மீ. தூரத்துக்குக் குழாயே வழிகாட்டித் தண்டாகவும் அமையும். பிவிசி குழாய் காற்றழுத்தத்துக்கென்று தயாரிக்கப்பட்டதல்ல, உடைந்தால் சில்லுகளாகச் சிதறும். எனவே அதன் நீளத்தை மிகக் குறைவாக வைத்து, வெளியே தெரியும் பகுதியைத் துணி டேப்பால் சுற்றிவிடுங்கள்.

முதற்சோதனை காற்றில் நடக்கக் கூடாது. பாட்டிலை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, ஏவுதளத்தில் பூட்டி, சுவருக்கு மறுபக்கமிருந்து 80 பிஎஸ்ஐ வரை ஏற்றி, ஒரு நிமிடம் விடுங்கள். தண்ணீர் அமுங்காது, ஆகவே பாட்டில் கிழிந்தாலும் தண்ணீர் கொட்டுமே தவிர வெடித்துச் சிதறாது. இதைத் தாங்கிய பாட்டிலை 60 பிஎஸ்ஐக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். கார் டயருக்கு நாம் ஏற்றுவது 30 முதல் 35தான் என்பதை ஒப்பிட்டால், 60 எவ்வளவு என்பது விளங்கும்.

இடமும் நேரமும்

புதுச்சேரி கடற்கரைச் சாலை பாறை போட்ட கரை, எந்நேரமும் மக்கள் நடமாட்டம்; அதை மறந்துவிடலாம். லாசுப்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் அதன் சுற்றுப்புறமும் கூடாது. கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மணற்பரப்பு அகலமானது என்றாலும், விடுமுறை மாலைகளில் கூட்டம் அலைமோதும். வார நாளின் விடியற்காலையே ஏற்றது. அங்கே படகும் வலையும் கிடக்கும் பக்கம் போகாமல், மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு விடுவது மரியாதை மட்டுமல்ல, அவர்களைப் போல் காற்றின் போக்கைச் சொல்லக்கூடியவர் வேறு எவரும் இல்லை. காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். பகல் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து வலுக்கும். எனவே கரையில் காலையில் விட்டால் பாராசூட் கடலுக்குள் போகும் அபாயம் உண்டு. நொடிக்கு 5 மீட்டர் காற்று வீசினால், 40 மீட்டர் உயரத்தில் விரிந்த பாராசூட் பத்து நொடியில் 50 மீட்டர் தள்ளிப்போய் இறங்கும்; அலையிலிருந்து அதைவிட அதிகத் தொலைவில் ஏவுதளத்தை வையுங்கள். கடலில் விழுந்தால் விழுந்ததுதான், நீந்திப் போய் எடுக்க வேண்டாம். அலை அதை மறுபடி ஒதுக்கினால் எடுத்து வந்துவிடுங்கள். பிளாஸ்டிக்கைக் கரையில் விட்டு வராதீர்கள்.

என்னைக் கேட்டால், பொங்கலுக்குப் பின் சம்பா அறுவடை முடிந்து காய்ந்த வயல்களே சிறந்தவை. நிலத்துக்காரரின் அனுமதி பெறுங்கள். பம்ப் செட்டுக்குப் போகும் மின்கம்பிகளைப் பார்த்து, அவற்றிலிருந்து குறைந்தது 100 மீட்டராவது விலகுங்கள். கம்பியில் சிக்கிய ராக்கெட்டைக் கழியால் தட்டிவிட முயலவே கூடாது. சவுக்குத் தோப்பும் அருகில் இருக்கக் கூடாது. அதன் உச்சியில் மாட்டியது திரும்பி வராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மேகம் கறுத்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டும்.

ஏவுதல்

கடல்நீரை ஊற்றாதீர்கள், அடர்த்தியில் கிடைக்கும் ஆதாயம் சொற்பம், உப்பு வால்வையும் பம்பையும் அரிக்கும். வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுசெல்லுங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஏவுதளத்தைச் சாய்த்து, குழாயைப் பாட்டிலுக்குள் நுழைத்துப் பூட்டியபின் நிமிர்த்துங்கள். ராக்கெட் செங்குத்தாக நிற்கிறதா என்று இரு திசைகளிலிருந்து பாருங்கள்.

இப்போது ஒருவர் 8 மீட்டர் தள்ளி, ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து பம்பருகே அமர்வார். மற்றவர் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக 50 மீட்டர் தொலைவில், கையில் சிவப்புத் துண்டுடன் நிற்பார். அலை இரைச்சலில் குரல் எட்டாது. ஆகவே துண்டுதான் மொழி. வானமும் தரையும் காலியாக இருந்தால் துண்டு உயர்ந்திருக்கும். கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும். இதை மாற்றி, ஆபத்து வந்தால் துண்டை உயர்த்துவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பார்ப்பவரின் கவனம் சிதறினால் கை தானாகக் கீழே இறங்கும், ஏவுதலும் தானாகவே நின்றுவிடும். காற்றடிப்பவர் முதல் பயணத்துக்கு 30 பிஎஸ்ஐயில் நிறுத்தி, துண்டைப் பார்த்து, ஐந்திலிருந்து இறங்குமுகமாக எண்ணி, கயிற்றைத் தயங்காமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பூட்டு சிக்கிக்கொண்டால் எழுந்து போகாதீர்கள். வால்வை அழுத்தி, மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகே அருகே செல்லலாம்.

பத்து நிமிடத்தில் எங்கிருந்தோ சிறுவர்கள் கூடிவிடுவார்கள். இதைத் தவிர்க்க வழியில்லை. 30 மீட்டர் தள்ளி ஒரு கயிற்றை நீட்டி, அதற்குப் பின்னால் நிற்கச் சொல்லி, எண்ணும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டால் ஒருவரும் தாண்டி வரமாட்டார்கள். ஆனால் பாராசூட் விரியாமல் வரும்போது எல்லோரும் மேலே பார்த்தபடி விலக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

உயரத்தை அளத்தல்

50 மீட்டரில் நிற்பவரின் இன்னொரு வேலை அளப்பது. அரைவட்டக் கோணமானியின் நேர்விளிம்பில் ஒரு உறிஞ்சுகுழலை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நட்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டால் கருவி தயார். குழல் வழியே உச்சியைப் பார்த்து, நூலை விரலால் அழுத்திப் பிடித்துக் கோணத்தைப் படிக்கலாம்; நூல் காட்டும் எண்ணை 90இலிருந்து கழித்தால் கிடைப்பது ஏற்றக் கோணம். அதன் டேன்ஜென்ட்டை 50ஆல் பெருக்கி, கண் உயரமாக ஒன்றரை மீட்டரைச் சேர்த்தால் உயரம் கிடைக்கும்: 30 டிகிரி என்றால் ஏறத்தாழ 30 மீட்டர், 40 என்றால் 43, 45 என்றால் 51. 45 டிகிரியில் இரண்டு டிகிரி பிசகினாலே மூன்று மீட்டருக்கு மேல் மாறிவிடும். ஆதலால் புள்ளிக்குப் பின்னாலுள்ள இலக்கங்களை வைத்து நண்பரோடு சண்டையிட வேண்டாம்.

ஒரு நோட்டில் தேதி, காற்றின் நிலை, தண்ணீரின் அளவு, பிஎஸ்ஐ, கோணம், பாராசூட் விரிந்ததா என்ற விவரங்களை உடனுக்குடன் குறியுங்கள். அழுத்தத்தை 30, 40, 50, 60 என்று படிப்படியாக உயர்த்தி, பின்பு 60இலேயே நிறுத்தி, தண்ணீரை மட்டும் 400, 500, 600, 700 மில்லி என்று மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது உயர்த்தியது என்று சொல்ல இயலாது. உங்கள் ராக்கெட்டின் எடைக்கு உகந்த அளவு இந்தப் பட்டியலிலிருந்தே தெரிந்துவிடும்.

இருவரும் இடம் மாறி மாறிப் பணியாற்றுங்கள். கயிறு இழுப்பவருக்கே சுவாரசியம் அதிகம் என்பதால், எப்போதும் துண்டு பிடிப்பவர் சில வாரங்களில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஒவ்வொரு முறை திரும்பியபின்னும் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மணல் உரசிய கீறலோ, அடிக்கால்களின் இடையே வெண்மை படர்ந்ததோ, மடிந்த தழும்போ தெரிந்தால், அது எவ்வளவு உயரம் பறந்ததாக இருந்தாலும் இறக்கைப் பட்டையைக் கழற்றிக்கொண்டு, பாட்டிலை உடனே கத்தியால் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள்; அப்போதுதான் அடுத்த முறை அவசரத்தில் யாரும் அதையே எடுத்து மாட்டமாட்டார்கள்.